வலக்கைப்புறம் தலை

கிருலப்பனை முத்தம்மாவின் பசு என் கையால் செத்திருக்க வேண்டியது. பாடம் தெரியாததால் அல்ல, தலைகீழாகத் தெரிந்ததால்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்கள். கொழும்பில் கால்நடை வைத்திய உதவியாளர் பயிற்சியில் இருந்தேன். காலை முழுக்க அனாட்டமி. செத்த மாட்டை இடப்பக்கம் மேலே தெரியும்படி மேசையில் கிடத்தி, பகுதி பகுதியாக அறுத்துப் படிப்போம். அவரவர்க்கு ஓரிடம், மாற முடியாது. என் இடம் முதுகுப்புறம். மாட்டின் தலை எப்போதும் என் வலக்கைப்புறம் இருக்கும். போர்மலின் நாற்றத்தோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். அந்த வசதியில் புத்தகத்தை விரித்து, கடைசி விலா, இடுப்பெலும்பு, நடுவிலே பள்ளம் என்று மனப்பாடம் செய்வேன்.

வயிறு ஊதிய மாட்டுக்கு இடப்பக்கப் பள்ளத்தில்தான் ட்ரோக்கார் குத்தவேண்டும். குழாய்க்குள் செருகிய தடித்த ஊசி அது. ஊசியை உருவினால் குழாய் வழியே காற்று வெளியேறும்.

ஒருநாள் மத்தியானம், பசுவுக்கு வயிறு ஊதிவிட்டதென்று எங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு முத்தம்மா ஓடிவந்தாள். எங்களுக்குப் படிப்பித்த பெரிய டொக்டர் ஒப்பரேஷனில் நின்றார்.

"நீர் போம். பள்ளம் தெரியுந்தானே?"

"ஓம் சேர்."

அவள் வீட்டு முற்றத்தில் நிறைசினைப் பசு. இரண்டு பக்கமும் ஊதி, நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. "இந்த ஒத்த மாட்ட வச்சுத்தான் எங்க பொழப்பு, ஐயா," என்று அழுதாள் முத்தம்மா. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

பழகியபடி, தலை என் வலக்கைப்புறம் வர நின்றுகொண்டேன். விலாவைத் தொட்டுப் பள்ளத்தை அளந்தேன். எல்லாம் படித்தபடியே இருந்தது. ட்ரோக்காரை ஓங்கினேன்.

முத்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயா, அங்க குத்தாதீங்க! கன்னு இருக்கு!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனமும் கைய வச்சுப் பாக்குறேனே. இந்தப் பக்கந்தான் ஒதைக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளா எனக்கு அனாட்டமி சொல்வது என்று விறைத்துக்கொண்டு பசுவைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் படித்தது கிடந்த மாட்டை, அதுவும் முதுகுப்புறமிருந்து. நிற்கிற மாட்டில் தலை என் வலக்கைப்புறம் வந்தால், முன்னால் இருப்பது அதன் வலப்பக்கம். இடப்பக்கப் பள்ளத்தில் குத்தி ஊசியை உருவினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. பசு மூச்செடுத்தது. முத்தம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய டொக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நாளையிலயிருந்து நீர் கால்பக்கம் நில்லும்," என்றார்.

அதற்குப் பிறகு, பென்ஷன் எடுக்கும்வரை, மாட்டை வளர்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஊசியைத் தொட்டதில்லை.

அந்த வருடச் சோதனையில் பெரிய டொக்டரே கேள்வி கேட்டார். பசுவின் வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது? எனக்கு முன்னால் போனவர்கள் குடலோடு நிறுத்திவிட்டார்கள். நானும் குடலைச் சொல்லிவிட்டு, "சினைமாடெண்டால் கன்றும் இருக்கும், சேர்," என்றேன்.

"ஆர் படிப்பிச்சது?"

"முத்தம்மா, சேர்."

அவர் சிரிக்கவில்லை. முழுப் புள்ளி போட்டார்.