ஆடிக்குப் போனவளும் தென்னேரி வாத்துகளும்

மாட்டாஸ்பத்திரி வேலையில் மருந்து கலக்குவது கால்வாசிதான். மிச்சமெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்று முழிப்பது. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் நான் கம்பவுண்டர். காளையைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற பசு, கிடாவை முட்டித் தள்ளுகிற ஆடு எல்லாம் என் தலையில்தான் விடியும். டாக்டர் இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிடுவார். அதைத் தமிழில் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது என் தலையெழுத்து.

அந்த வருஷம் எனக்கே ஒரு கேஸ் இருந்தது. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் என் பெண்டாட்டி சரோஜாவை அவள் அப்பா தென்னேரிக்கு அழைத்துப் போனார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆடி போய் ஆவணியும் வந்தது, சரோஜா வரவில்லை. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. ஆள் விட்டுக் கேட்டால், வருவா வருவா என்று பதில். ஆடிக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்த மகராஜர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். இவள் வருவாளா மாட்டாளா என்ற ஒரே கவலையோடுதான் அந்த மாசம் முழுக்க ஊர் ஆடு கோழிகளைப் பார்த்தேன்.

சேவல் வைத்த விருந்து

சின்ன காஞ்சிபுரத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ரங்கம்மா ஒரு கூடையில் கோழிகளைக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் முதுகு மொட்டை. சொறி என்று நினைத்து நான் களிம்பு தடவி அனுப்பினேன். திரும்பவும் வந்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, இது சொறியுமில்லை கிறியுமில்லை, சேவல் ஏறி ஏறி நகம் பட்டு இறகு போய்விட்டது, போய்ச் சேவலைப் பார் என்றார்.

போய்ப் பார்த்தேன். கொல்லையில் சேவல் காலால் மண்ணைக் கிளறி, பெரிய புதையல் கிடைத்த மாதிரி கொக் கொக் என்று கூப்பிட்டது. கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. அங்கே ஒரு அரிசிகூட இல்லை. முதலில் வந்த கோழி மேல் சேவல் ஏறிவிட்டது. மற்றதெல்லாம் ஏமாந்து நிற்கின்றன. அடப்பாவி என்று வாயைப் பிளந்தேன். பெண் பார்க்கப் போனபோது நான் ஏதாவது இந்த மாதிரி அளந்துவிட்டேனா என்று யோசித்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்தது கேசரி தின்ன மட்டும்தான். ரங்கம்மா என் பக்கத்தில் நின்று வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"கூப்பிட்ற கொரலப் பாத்தா எல போட்டு வெச்சிருக்குற மாரி இருக்குது, போய்ப் பாத்தா வெறும் மண்ணு. எங்க ஊட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னாடி இப்டித்தாம்பா பேசிக்கினு இருந்தாரு."

தறிக்குழிப் பூனை

நான் குடியிருந்தது பிள்ளையார்பாளையம். அங்கே வீட்டுக்கு வீடு பூனை உண்டு. எலி பட்டில் பல்லை வைத்தால் குடும்பமே உட்கார்ந்து அழவேண்டியதுதான். எதிர்வீட்டு நெசவாளர் ஏகாம்பரத்தின் பூனை தறிக்குழிக்குள்ளேயே குட்டி போட்டது. மனுஷன் காலை ஒடுக்கிக்கொண்டு நெய்தார். ஒருநாள் தெருவில் திரிகிற கடுவன் பூனை உள்ளே புகுந்து அத்தனை குட்டியையும் கடித்துக் கொன்றுவிட்டது. தாய்ப்பூனை அதன் மூஞ்சியைப் பிறாண்டி ரத்தக்களறி ஆக்கியது. ஏகாம்பரத்தின் சம்சாரம் அன்றைக்கு உலையே வைக்கவில்லை.

கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அதே பூனை, அதே கடுவனைத் தேடிக்கொண்டு ஓட்டின் மேல் கத்திக்கொண்டு திரிகிறது! டாக்டரைக் கேட்டேன். பால் குடிக்கிற குட்டி இருக்கும்வரை தாய் மறுபடி இணையாது, அதனால்தான் எவனுக்கோ பிறந்த குட்டியைக் கொன்றுவிட்டுத் தன் குட்டிக்கு இடம் பண்ணுகிறது கடுவன் என்றார்.

கடுவன் கணக்கு விளங்கியது. பூனை கணக்கு சத்தியமாக விளங்கவில்லை. குட்டியைக் கொன்றவனிடம் ஒருத்தி தானாகப் போகிறாள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத என்னிடம் ஒருத்தி வரவே காணோம். இதை ஏகாம்பரத்திடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவர் தறியை நிறுத்தினார்.

"பாவு அறுந்தா எந்த இழை எதோட சேரணும்னு பாத்து முடிஞ்சிடுவேன். இதுல எனக்கு ஒண்ணும் புரியலப்பா, நீ காபி குடிச்சிட்டுப் போ."

தாடிக்கு அத்தர்

முனியம்மா என்று ஒரு ஆட்டுக்காரி. அவள் ஆடு கிடாவைக் கிட்டவே சேர்க்கவில்லை. இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒரு துணியைக் கிடாவின் கொம்படியில் நன்றாகத் தேய்த்து டப்பாவில் மூடி வைத்து, அப்புறம் ஆட்டின் மூக்கில் காட்டவேண்டும். வாலை ஆட்டினால் தயார் என்று அர்த்தம். நான் துணியோடு கிடாவின் கிட்டே போனேன். கிடா தலையைக் குனிந்து தன் தாடியிலேயே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டே துணியைத் தேய்த்தேன். துணியை மோந்த ஆடோ வாலை விசிறி மாதிரி ஆட்டியது.

ஓஹோ, எல்லாம் வாசனையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பொம்பளைகளுக்கு மல்லிகை அத்தர் பிடிக்குமா, ரோஜா அத்தர் பிடிக்குமா என்று முனியம்மாவையே கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் ஆட்டுக்குப் புடிச்சது எனக்கே புடிக்கல. ஒன் பொண்டாட்டிக்கு இன்னா புடிக்கும்னு அவளப் போய்க் கேளுய்யா."

ஏரியில் கம்பவுண்டர்

ஞாயிற்றுக்கிழமை புது வேட்டி, சட்டையில் மல்லிகை அத்தர், கையில் அல்வாப் பொட்டலத்தோடு தென்னேரிக்கு பஸ் ஏறினேன். சரோஜா வாங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் அவள் மனசு இளகும்படி பேசினேன். அம்மா போனபிறகு உன் கையால்தான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டோம், இப்போது ஓட்டலில் தின்று நாலு தம்பிகளுக்கும் வயிறு கெட்டுவிட்டது, அப்பாவுக்கு விடிகாலைக் காபி இல்லை, அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருக்கிறது என்றெல்லாம் உருகினேன். அவள் அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தாள்.

மாமனார் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். அவருக்கு வாத்து வளர்ப்பு. தீபாவளிக்குக் கறிக்கு விற்கலாம் என்று ஆண் குஞ்சுகளை ஒன்றுவிடாமல் வளர்த்திருந்தார். பெட்டைகள் முட்டையே இடுவதில்லை, எந்நேரமும் கோரைக்குள் ஒளிகின்றன என்று புலம்பினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டை வெளியே வந்தது. ஆண்கள் கூட்டமாகப் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அதைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டன. மூச்சுவிடத் தலை மேலே வரவில்லை. நான் புது வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் குதித்து, எல்லாவற்றையும் விலக்கி, பெட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிவந்தேன். கழுத்தெல்லாம் இறகு போய், கண் செருகியிருந்தது. என்னையறியாமல் கோபம் வந்தது. "இத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல இது எப்படி மாமா பிழைக்கும்? இதுங்களை முதல்ல வேற எடத்துக்குப் பிரிச்சு ஓட்டுங்க" என்று கத்தினேன்.

கரையில் சரோஜா நின்றிருந்தாள். வாத்தை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தாள். இரண்டு மாசமாக நான் கேட்காத குரலில், மெதுவாகத்தான் சொன்னாள்:

"வாத்தப் பாத்த ஒடனே உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. ஆறு ஆம்பளைங்க இருக்குற ஊட்ல நான் ஒருத்தி அடுப்பாண்ட வெந்துக்கினு இருந்தது மட்டும் ஏங்க புரியல?"

தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்த்த பிறகு சரோஜா வந்தாள் என்றாலும், எந்தப் பெட்டை எதற்கு வருகிறது, எதற்குப் போகிறது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடாததால், எதற்கும் இருக்கட்டும் என்று சோறு வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.