ஏழு பன்னிரண்டோடு நின்ற வாய்ப்பாடு

இடுகாட்டில் குழி வெட்டுகிறவருக்கு ‘வகுத்தல்’ என்று பட்டப்பெயர். எந்த எண்ணைக் கண்டாலும் அதை எதால் வகுக்கலாம் என்று பார்க்காமல் விடமாட்டார். பேருந்து எண், கதவு எண், மருந்துச் சீட்டு எண், ஒன்றும் தப்பாது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்தான், ஆனாலும் பன்னிரண்டு வரை வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணையும் எண்கள்தான்.

துணி ஆலை தீப்பிடித்து எரிந்த வாரம் தொண்ணூற்றொரு பிணங்கள் வந்தன. பெரிய மனிதர்கள் மலர் வைக்க வருகிறார்கள், வரிசைகள் ஒன்றுக்கொன்று கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனார். செத்த பிறகும் அணிவகுப்பு. வகுத்தல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கணக்குப் போட்டார். ஒற்றைப்படை, இரண்டு போகாது. இலக்கங்களைக் கூட்டினால் பத்து, மூன்று போகாது. கடைசியில் ஒன்று, ஐந்தும் போகாது. ஏழாம் வாய்ப்பாட்டை ஓட்டினார். ஏழு பன்னிரண்டு எண்பத்து நான்கு. அவர் படித்த பக்கம் அங்கேயே முடிந்தது. தொண்ணூற்றொன்று பகா எண், எந்த வரிசைக்கும் அடங்காது என்று அடித்துச் சொன்னார். கணக்குப்புலி சொன்னால் யார் மறுப்பது? பத்துப் பத்தாக ஒன்பது வரிசை வெட்டினார். கடைசியாக வந்த பெட்டியைத் தண்ணீர்த்தொட்டி ஓரம் தனியாகப் புதைத்தார்.

அந்தப் பெட்டியில் இருந்தவர் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். போதாதா? தீக்குக் காரணமே அவன்தான், அதனால்தான் ஒதுக்கிப் புதைத்திருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் மனைவி சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துப் பிழைப்பவர். அவரைக் கண்டால் அக்கம்பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏன் தனியாகப் புதைத்தீர்கள் என்று அவர் வந்து கேட்டபோது வகுத்தல், அது அந்த எண்ணின் குணம், யார் மேலும் குற்றமில்லை என்றார். அந்த அம்மாள் அதை அப்படியே நம்பி, பார்த்தவர்களிடமெல்லாம் தொண்ணூற்றொன்று வகுபடாத எண் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் காலை அந்த அம்மாள் மறுபடி வந்தார். துணி முடிச்சை அவிழ்த்து, தொட்டி மேடையில் வெள்ளைப் பொத்தான்களை அடுக்கத் தொடங்கினார். அட்டையில் பொத்தான் கோத்துப் பழகிய விரல்கள். வரிசைக்குப் பதிமூன்று. ஏழாவது வரிசை முடிந்தபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. வகுத்தல் எண்ணிப் பார்த்தார். எண்பத்து நான்கோடு இன்னும் ஒரே ஒரு ஏழு. விரல்விட்டு எண்ணியிருந்தாலே கிடைத்திருக்கும்.

“தப்பு என்னோடதும்மா. எண் மேல பழியைப் போட்டுட்டேன்,” என்றார். கல் நட்டுவிட்ட குழியைத் திறக்க மேலதிகாரிகள் விடமாட்டார்கள் என்பதையும் தலை குனிந்தபடியே சொன்னார்.

“குழி கிடக்கட்டும் அண்ணா,” என்றார் அந்த அம்மாள். “இதுல என் வீட்டுக்காரர் எதுன்னு காட்டுங்க.”

வகுத்தல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எல்லாப் பொத்தான்களும் ஒரே மாதிரி இருந்தன.

“தெரியலையேம்மா.”

“அன்னைக்கே இப்படி வச்சிருந்தா ஊருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றார் அந்த அம்மாள்.