பூஞ்சை பிடித்த லென்ஸும் மாமனாரின் போட்டோவும்

கடலூரில் ஊராருக்கெல்லாம் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். பூஜை அறை எந்த மூலையில், செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் என்று நான் சொன்னால் ஜனங்கள் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மேதை தன் சொந்த வீட்டைக் கட்டும்போது ஓர் இருட்டறைக்கு இடம் விட மறந்துபோனான். அதனால் பிலிமில் எடுத்த போட்டோக்களைக் காகிதத்தில் பெரிதாக்கும் என் கலைச்சேவை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் குளியலறையில்தான் நடக்கிறது. டாய்லெட் மூடியின் மேல் பலகை, பலகையின் மேல் என்லார்ஜர். ஜன்னலை அடைத்துக் கறுப்பு சார்ட். தரையில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகளில் மருந்துத் தண்ணீர். தலைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. என் மனைவி இதற்கு ஆபரேஷன் தியேட்டர் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"பேஷண்ட் பொழச்சாச்சா? நான் குளிக்கணும்" என்பாள், கதவுக்கு வெளியே நின்றபடி.

என்லார்ஜர் என்பது ஒன்றும் பெரிய அதிசயமில்லை. மேலே விளக்கு, நடுவில் நெகட்டிவ், அடியில் ஒரு சின்ன லென்ஸ். விளக்கைப் போட்டால் நெகட்டிவில் இருக்கும் உருவம் கீழே உள்ள காகிதத்தில் பெரிதாக விழும். சோடா பாட்டில் மூடி அளவுதான் இருக்கும் அந்த லென்ஸ். பழைய என்லார்ஜரை வாங்கியபோதே அதனுடன் ஒன்று வந்தது. அதை வைத்து ஒரு வருடம் நிம்மதியாகப் படம் போட்டேன். பிறகு இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், அந்த ரக லென்ஸின் உள்ளே மூன்று கண்ணாடிகள்தான் இருக்கும், நாலாவது இல்லாமல் படத்தின் ஓரம் தெளிவாக விழாது என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அன்றிலிருந்து என் படங்களின் நடுப்பகுதியை நான் பார்த்ததே இல்லை. ஓரங்களை மட்டுமே பார்த்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒருவர் வலை பிரிக்கும் படம். பார்த்தவர்கள் அவர் முகத்தைப் பற்றிச் சொன்னார்கள். நான் இடது மூலையில் கிடந்த மணலைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

நாலு கண்ணாடி வந்தது. அதை வாங்கிய வாரமே ஆறு கண்ணாடிதான் உத்தமம் என்று தெரிந்தது. ஆறிலும் ஜப்பான் கட்சி, ஜெர்மன் கட்சி என்று இரண்டு இருந்தன. நான் சமரச மனப்பான்மை உள்ளவன் என்பதால் இரண்டையும் வாங்கினேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வேலையைச் செய்வது, ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாட்ட முடியும் என்பதெல்லாம் என் மனைவி எழுப்பிய கேள்விகள். கலையைப் புரிந்துகொள்ளாதவர்களின் கேள்விகள்.

இந்த நோய் தொற்றக்கூடியது. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், சிதம்பரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். ஒரு தீபாவளிக்கு வந்தவன் குளியலறையில் எட்டிப் பார்த்தான். வெறும் காகிதத்தில் உருவம் மிதந்து வருவதைக் கண்டு வாயைப் பிளந்தான். ஆறு மாதத்தில் அவனிடமும் ஒரு என்லார்ஜர், என்னைவிட ஜாஸ்தி லென்ஸ்கள். படம் எடுப்பதில் மட்டும் அவனுக்கு ஆர்வம் வரவில்லை. கடைச் சுவரில் தொங்கும் கேலண்டரை எடுத்த ஒரே நெகட்டிவை வைத்துக்கொண்டு, எந்த லென்ஸில் தேதிகள் கூர்மையாக விழுகின்றன என்று சோதிப்பதே அவன் பொழுதுபோக்கு.

இப்படி நாங்கள் இருவரும் அறிவியலை வளர்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாமனார் குறுக்கிட்டார். அவர் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் மகனுடன் இருக்கிறார். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காமல் வந்தவனோ என்று சந்தேகப்படும் கண்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் காலமாகி, அந்தக் காரியத்துக்குப் போய்விட்டுக் கொதித்துப்போய்த் திரும்பினார். நாங்களும் அன்று சிதம்பரத்து வீட்டில்தான் இருந்தோம்.

"ஆதார் கார்டு போட்டோவப் பெருசு பண்ணி மாட்டி வெச்சிருக்கானுவ. போலீசு தேடற ஆளு மாதிரி இருக்கான். நாப்பது வருஷப் பழக்கம், எனக்கே அடையாளம் தெரியல" என்றார். பிறகு என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்ள, எனக்கு இப்பவே எடுத்துடுங்க. நான் பாத்து ஓகே பண்ணணும்."

"எதுக்கு மாமா இப்ப அந்தப் பேச்சு?" என்றேன், மரியாதைக்கு.

"இப்ப ஆரம்பிச்சாதான் சரியா இருக்கும். நீங்க ரெண்டு பேரும் லென்ஸு செலக்ட் பண்றதுக்குள்ள எனக்கு வருஷத் திதியே வந்துடும்."

மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாயங்கால வெளிச்சத்தில் ஒரு ரோல் எடுத்தேன். ஒன்றில் மட்டும் அவர் யாரையும் சந்தேகப்படாமல் இருந்தார். கீழே தெருவில் போன ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நொடி அது. அந்த நெகட்டிவைத் தேர்ந்தெடுத்ததில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்த லென்ஸில் அச்சிடுவது என்பதில்தான் வந்தது.

"மாமா, உங்க ஜப்பான்ல கருப்பு கொஞ்சம் வெளுத்துடும். ஏங்கிட்ட இருக்கறதுல போடுவோம்" என்றான் மச்சான்.

"உங்கப்பா மூஞ்சியப் போடப்போறமா, கேலண்டரப் போடப்போறமா?" என்று கேட்டேன்.

கடைசியில் எல்லா லென்ஸிலும் ஒவ்வொரு படம் போட்டு அவரிடமே காட்டுவது என்று முடிவானது. அடுத்த ஞாயிறு மச்சான் தன் சொத்தையெல்லாம் தடுப்பூசி வரும் தெர்மோகோல் பெட்டியில் பஞ்சு சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்தபடி கடலூர் வந்து சேர்ந்தான். அன்று என் மனைவி பக்கத்து வீட்டில் குளித்தாள். எல்லாவற்றையும் முடித்த பிறகு, என்லார்ஜருடன் வந்த அந்த முதல் லென்ஸையும் மாட்டினேன். பல மாதமாகக் குளியலறை அலமாரியில் கிடந்ததில், கடல்காற்றும் ஈரமும் சேர்ந்து அதன் உள்ளே பூஞ்சை படர்ந்து, சிலந்தி வலை மாதிரி தெரிந்தது. அதில் ஒன்று போட்டு வைத்தால் மற்றவற்றின் அருமை விளங்கும் என்பது என் எண்ணம். ஒரு திருஷ்டிப் பொட்டு.

மச்சானுடன் கூடவே வந்திருந்த மாமனார் படங்களை வாங்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார், கள்ள டிக்கெட் பிடிக்கிறவர் மாதிரி.

"இது யாரு?"

"நீங்கதான் மாமா. ஜெர்மன் லென்ஸ்."

"மூக்கு மேல இந்தக் குழியெல்லாம் எனக்கு எப்ப வந்துது?"

"எப்பவும் இருக்கறதுதான். இதுல தெளிவா தெரியுது."

"தெளிவா யாரு கேட்டா?"

ஜப்பானில் அவர் காதில் முளைத்திருந்த முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மச்சானின் பொக்கிஷத்தில், காலையில் சவரம் செய்தபோது விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரிந்தது. எல்லாவற்றையும் நிராகரித்துக்கொண்டே வந்தவர், கடைசிப் படத்தில் நின்றார். பூஞ்சைப் படம். வெள்ளை வேட்டி சற்றுச் சாம்பலாகி, முகத்தின் கோடுகள் கரைந்து, பனிக்காலத்துக் காலையில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

"இதான் நான்" என்றார்.

"அப்பா, அது கெட்டுப்போன லென்ஸுப்பா" என்று பதறினான் மச்சான்.

"இருக்கட்டும். நல்ல லென்ஸு எல்லாம் என்னக் கெட்டுப்போனவன் மாதிரி காட்டுதே."

என் மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலதான் அப்பா அப்பா மாதிரி இருக்காரு" என்றாள். எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தனியாக அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் ஏதோ கேலியாகச் சொல்லப்போகிற மாதிரி இருந்தார். ஓரங்கள் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் ஓரத்துக்குப் போவதற்குள் கண் அந்த முகத்திலேயே நின்றுவிட்டது. இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை.

பிரேம் போடக் கடைக்கு அவரும் கூடவே வந்தார். கடைக்காரர் படத்தை வாங்கி, வழக்கமான சோக முகத்தை அணிந்துகொண்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தோற்றம், மறைவு என்ன தேதி சார் போடணும்?"

"தோற்றம் போடு" என்றார் மாமனார் பின்னாலிருந்து. "இன்னொண்ணுக்கு எடம் வுட்டு வை."

கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு படத்தைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

படம் சிதம்பரத்து வீட்டு ஹாலில் மாட்டப்பட்டது. அதன் கீழேயே நாற்காலியைப் போட்டு மாமனார் பேப்பர் படிப்பார். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அவருடைய தங்கை, என் மனைவிக்கு அத்தை, வந்து பார்த்துவிட்டு, அண்ணன் படம் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அதற்கென்ன, நெகட்டிவ் இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது என்று நினைத்தேன்.

லென்ஸ் இருந்தது. பூஞ்சைதான் இல்லை. மச்சான் போன தடவை போகும்போது அதை எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய், கழற்றி, கடையிலிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைத்து, புது மணப்பெண் மாதிரி பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்திருந்தான். எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறானாம்.

"ஒரு புள்ளி கூட இல்ல மாமா, பாருங்க" என்றான் பெருமையாக.

பார்த்தேன். அச்சிட்டும் பார்த்தேன். மூக்கின் குழிகள் எல்லாம் திரும்ப வந்திருந்தன. அந்தப் படத்தை மாமனாருக்கு அனுப்பினோம். "இவன் எந்த ஊர்க்காரன்?" என்று போனில் கேட்டார்.

அதன் பிறகு நானும் மச்சானும் செய்த ஆராய்ச்சியை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுத்தமான லென்ஸை மறுபடி அழுக்காக்குவது எப்படி என்று இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு வாரம் போனில் விவாதித்தோம். கண்ணாடியில் ஆவி ஊதினேன், உடனே காய்ந்தது. வாஸ்லின் தடவலாம் என்றான் மச்சான். தடவினோம், மாமனார் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி வந்தார். ஈரத்தில் வைத்துப் பூஞ்சை வளரவிடலாம் என்று நான் சொன்னபோது, கதவுக்கு வெளியே நின்ற மனைவி பொறுமை இழந்தாள்.

"அது வளர்றதுக்குள்ள அத்தைக்கு எண்பது ஆயிடும். டீ வடிகட்டற மாதிரி மெல்லிசா ஒரு துணிய அதுக்கு முன்னாடி புடிங்க, போதும்."

தன்னுடைய கறுப்பு ஷிஃபான் துப்பட்டாவைக் கொடுத்தாள். லென்ஸின் வாயில் அதைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். முழு நேரமும் துணியோடு விட்டால் படம் மங்கியது. பாதி நேரம் துணியோடு, பாதி நேரம் துணியில்லாமல் வெளிச்சம் விட்டபோது, மருந்துத் தண்ணீரில் ஐஸ் வண்டி பார்க்கும் மாமனார் மெல்ல மேலே வந்தார். துப்பட்டாவை எந்த லென்ஸில் கட்டினேன் என்று மச்சான் ஆவலாகக் கேட்டான். கையில் கிடைத்ததில் கட்டினேன், எது என்று பார்க்கவில்லை என்றேன். அதைக் கேட்டதும் அவன், திட்டக்குடியில் யாரோ ஒருவரிடம் ஏழு கண்ணாடி லென்ஸ் ஒன்று இருக்கிறதாம், போய்ப் பார்ப்போமா என்றான். போனோம். வாங்கினோம். வேறென்ன செய்வது?

அத்தைக்குப் படம் போய்ச் சேர்ந்தது. மாசத்துக்கு ஒருமுறை தங்கையைப் பார்க்கப் போகும் மாமனார், அந்த முறை போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மனைவி.

"அவ ஊட்டுல என் போட்டோவ அவ புருஷன் போட்டோ பக்கத்துல மாட்டி வெச்சிருக்கா. சந்தன மாலை போட்டு, மேல சின்ன பல்பு வேற எரியுது. என்னடின்னு கேட்டா, மொட்டையா இருந்தா நல்லா இல்லண்ணேங்கறா."

"அய்யய்யோ. கழட்டச் சொல்லலயா?"

"எதுக்கு? நல்லாத்தான் இருந்துது. அதுக்குக் கீழ உக்காந்துதான் சாப்பிட்டேன். எதிர் ஊட்டு அம்மா வந்து பாத்துட்டு, அண்ணன் என்ன களையா இருந்திருக்காருன்னு சொல்லிட்டு, அப்பறந்தான் என்னப் பாத்துது."

"அப்பறம் எதுக்குப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"கொழம்புல உப்பே இல்ல" என்றார் மாமனார், காபி டம்ளரை வாங்கிக்கொண்டு.