ஒரு சமையலாளரின் பதவி உயர்வும் நான் கூறிய சான்றும்

தொழில்களையும் அவற்றின் ஊதியத்தையும் பற்றிய சிறுநூல் ஒன்றுக்கு அணிந்துரை வேண்டிப் பதிப்பாளர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். பெரிய விடுதிகளின் தலைமைச் சமையலாளர் இந்நாளில் பெறும் ஊதியத்தையும் எய்தக்கூடிய உயர்வையும் அந்நூல் நன்கு விளக்கியிருந்தது. ஆயின், முற்காலத்தில் நம்மவர் அப்பதவியை அடையாமைக்குத் திறமைக் குறைவே காரணம் என்றொரு வரியும் அதில் இருந்தது. அதனைப் படித்தும் நான் ஒப்பமிட்டுக் கொடுத்தேன். திறமையில் சற்றும் குறையாத ஒருவர் அப்பதவியை இழந்ததை நான் அறிவேன். இழக்கச் செய்தவனும் நானே. இதனை அறிந்த வேறெவரும் இன்று உயிருடன் இருப்பதாகத் தெரியவில்லை. ஆதலால் எழுதிவைத்தல் என் கடனாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னர், மட்டக்களப்பு வாவிக்கரையில் பயணிகள் தங்கும் வாடிவீடு ஒன்றில் நான் எழுத்தராயிருந்தேன். அகவை இருபத்து மூன்று. அங்கே குசினியை, அதாவது சமையற்கூடத்தை, ஆண்டவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். கோப்பை கழுவப் புகுந்து, காய் நறுக்கி, அடுப்புக்கு உயர்ந்து, இருபது ஆண்டுகளில் முதற் சமையலாளர் ஆனவர். அதற்கு மேல் அங்கே படி இல்லை. ஊதியம் திங்களுக்கு இருபத்தைந்து உரூபா. விருந்தினர் மகிழ்ந்து தரும் பணமோ மேசையில் பரிமாறுபவர் கைக்கே போகும்; சமைத்தவரை எவரும் காண்பதில்லை.

“கொடுவாய் மீனுக்கு முள்ளெடுக்கிறவன் நான். மேசைக்காரன் சும்மா சிரிச்சுக்கிட்டு நிக்கிறான், அவன்ட பல்லுக்குச் சம்பளம்” என்பார்.

நண்பகலில் நான் அவர் கையால் உண்பேன். இதனை என் வீட்டார் அறியார். எங்கள் குடிக்குக் கோயில் வண்ணக்கர் பதவி உரியது. அறங்காவலர் பதவியாகிய அது தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும். என் மாமாவுக்குப் பின் அதனை ஏற்கவேண்டியவன் நான். மாட்டிறைச்சியும் வேகும் குசினியில் நான் உண்பது தெரிந்தால் பதவியும் போகும், மாமாவின் மகளோடு பேசியிருந்த மணமும் போகும். காக்கா இதனை உணர்ந்தவர். எனக்கென ஒரு புதுச்சட்டியும் அகப்பையும் தம் காசில் வாங்கி, இறைச்சி படாமல் தனி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். மூன்றாண்டுகள் அச்சட்டியில் சமைத்த சோற்றையும் கீரையையும் தேங்காய்ப்பால் சொதியையும் குசினிப் பின்கதவருகே அமர்ந்து உண்டேன்.

ஒருநாள் மலைநாட்டுப் பெருவிடுதி ஒன்றிலிருந்து அவருக்கு ஆங்கில மடல் வந்தது. அவ்விடுதியின் வெள்ளைக்கார மேலாளர் முன்னொருமுறை எங்களிடம் தங்கி, அவர் சமையலை உண்டு சென்றவர். மடலை என்னிடம் நீட்டினார்.

“என்ன தம்பி எழுதிக்கிடக்கு? தொரை ஏசியிருக்காரோ?”

“ஏசல்ல காக்கா. உங்களத் தலைமைச் சமையலுக்கு எடுக்க யோசிக்கிறாங்க. மாசம் எழுவத்தஞ்சு. இருக்க அறையும் தருவாங்களாம்.”

“எழுவத்தஞ்சா? சமைக்கிறத்துக்கா, மலையத் தூக்கி மத்தப் பக்கம் வைக்கிறத்துக்கா?”

சிரித்தவர் உடனே அடங்கினார். அவருக்கு இரு பெண்மக்கள். அவர்கள் வழக்கிலும் எங்கள் வழக்கிலும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிக்கவேண்டும். “மூத்தவளுக்கு வளவுக் காணி கிடக்கு, வீடில்ல. ரெண்டு வருசம் மலையில நிண்டா ரெண்டு பேருக்கும் கல்லு வீடு எழும்பிரும் தம்பி” என்றார்.

ஒரேயொரு தடை இருந்தது. அவ்விடுதிக்கு நாட்டுச் செல்வரும் வரத் தொடங்கியிருந்தனர். ஐரோப்பிய உணவைத் தாமே சுவைத்தறிந்த மேலாளர், சோறு கறியைப் பற்றி அதனை நாள்தோறும் உண்ட படித்த ஒருவர் சொல்லக் கேட்க விரும்பினார். அடுத்த வாரம் தாமே வருவதாக எழுதியிருந்தார்.

“நீங்க இருக்கிறீங்கதானே” என்றார் காக்கா. “ஓம், நானிருக்கிறன்” என்றேன்.

மேலாளர் வந்த காலையில், கோயில் திருவிழாவுக்கு விளக்குகள் இரவல் கேட்க என் மாமாவும் வந்து முன்தாழ்வாரமாகிய விறாந்தையில் அமர்ந்திருந்தார். நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளராயிருந்தவர் ஆகையால் ஆங்கிலம் நன்கறிவார். காக்கா சான்றுக்கு என்னையே காட்டியிருந்தார். மேலாளர் என்னை அழைத்து, “நீர் இவர் சமைத்த சோற்றை உண்பவர் என அறிந்தேன், உம்மவர் முன் அதனை வைக்கலாமா?” என வினவினார். தேநீர்த் தட்டுடன் காக்கா வாயிலில் நின்றார். மாமா குடையைத் தரையில் ஊன்றியபடி என்னை நோக்கினார்.

“நான் இவர் கையால் உண்டதே இல்லை. எங்கள் வழக்கம் அதற்கு இடந்தராது” என்றேன்.

அத்துடன் நின்றிருக்கலாம். மாமாவின் பார்வை இன்னும் விலகவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, எவரும் கேளாத ஒன்றையும் சேர்த்தேன்: “அக்குசினி துப்புரவானதன்று எனக் கேள்வி.”

மேலாளர் தம் குறிப்பேட்டை மூடினார். காக்கா தேநீரை ஒரு துளியும் சிந்தாமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றார். இருபது ஆண்டுகள் வெள்ளையருக்குச் சமைத்தவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

வெளியேறும்போது மாமா என் தோளைத் தொட்டார். “நல்லாச் சொன்னாய் மருமகன். எனக்கு உள்ளுக்க ஒரு ஐயம் கிடந்தது. இண்டைக்குத் தீர்ந்து போச்சு.”

இரண்டு நாள் நண்பகலில் பட்டினி கிடந்தேன். மூன்றாம் நாள் அவரே பின்கதவில் நின்று அழைத்தார். “தம்பி, வாங்க. சோறு ஆறுது.” என் சட்டியிலிருந்துதான் பரிமாறினார்.

“ஒண்டு கேக்கட்டா? கறியில ஏதும் பிழையோ?”

“இல்ல காக்கா.”

“மாமா இருந்தார், வெளங்குது. தின்னல்லண்டு சொன்னது போகட்டும். அத நானும் சொல்லியிருப்பன். துப்புரவில்லண்டு ஏன் மனெ சொன்னீங்க?”

மனெ என்பது மகனே என்பதன் எம்மூர் வழக்கு. அன்றுவரை அவர் என்னை அவ்வாறு அழைத்ததில்லை. சோற்றை உண்டு முடித்தேன்; அதையும் மறைக்க விரும்பவில்லை. பசித்திருந்தேன், உண்டேன்.

மலைநாட்டு இடம் ஏறத்தாழ ஆறு வாரம் வெறுமையாகவே இருந்தது என்பதைப் பின்னர் வாடிவீட்டுக்கு வந்த மடல்களால் அறிந்தேன். என் மேசையில் தாளும் இருந்தது, மையும் இருந்தது, மேலாளரின் முகவரியும் இருந்தது. நான் எழுதவில்லை. பிறகு வேறொருவரை அமர்த்தினர். அடுத்த ஆண்டு நான் மணமுடித்தேன். உரிய காலத்தில் வண்ணக்கரும் ஆனேன். காக்காவின் மூத்த மகள் தென்னங்கிடுகு வேய்ந்த வீட்டில் மணமுடித்தாள் எனக் கேட்டேன். அழைப்பு வந்தும் நான் செல்லவில்லை. போர் மூண்டபோது அவர் படைமுகாம் ஒன்றில் சமைக்கச் சென்றார். அதன்பின் அவரைக் காணவில்லை.

என் நினைவு முதுமையால் தளர்ந்தது. ஊதியத் தொகைகளிலும் ஆண்டு வரிசையிலும் பிழை இருத்தல் கூடும். அப்பெரியவரின் வழியில் வந்தவர் எவரேனும் இதனைப் படிக்க நேரின், அவருடைய பிற்கால வாழ்வைப் பற்றியும், இளைய மகளுக்கு வீடு அமைந்ததா என்பதைப் பற்றியும் எனக்குத் தெரிவித்துத் திருத்தி உதவுமாறு வேண்டுகிறேன். என்மீது கொண்ட மதிப்பினால், அவ்விறாந்தையில் நான் சொன்ன இரண்டாம் சொல்லை மட்டும் எவரும் மென்மையாக்கித் தரவேண்டா.