பல்லக்கில் வரும் பெரியம்மா

வாழையிலையைத் தணலில் வாட்டும்போது எழும் பச்சை வாசனையும், அதில் சூடான புளிச்சோற்றை வைத்து மடிக்கும்போது கூடவே கிளம்பும் நல்லெண்ணெய் மணமும் எங்கே மூக்கில் பட்டாலும், பூஜை விடுமுறை முடிந்துவிட்டது, பெரியம்மா ஊருக்குக் கிளம்புகிறாள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

பெரியம்மா என்று நான் சொல்வது சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையை. நவராத்திரிக்கு நாஞ்சில் நாட்டிலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது வழக்கம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமேல் வருவாள். வேளிமலை முருகனும் நங்கையும் பல்லக்கில் வருவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் மண்டபத்திலும், முருகன் ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்கி, விஜயதசமி கழிந்து இளைப்பாறிவிட்டு வந்த வழியே திரும்புவார்கள். என் அம்மா சுசீந்திரத்தில் பிறந்தவள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு நின்ற அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஆகவே நங்கை வருவது அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அக்கா வருவது போலத்தான். நவராத்திரி முழுவதும் சாயங்காலமானால் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு செந்திட்டைக்குப் போய், கூட்டம் குறைகிறவரை காத்திருந்து, ஒரு வருடத்துக் குறைகளையெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லுவாள். "என்னளா, உங்க அக்காகிட்ட என்னப் பத்தியும் கோள் சொல்லியாச்சா?" என்று அப்பா கேலி செய்தால், "சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு, அவ பாத்துக்கிடுவா" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊர் திரும்பும் நாளில் கரமனைப் பாலத்தருகே நின்று, பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர் கையில் அந்தப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்து, "போயிட்டு வா அக்கா" என்று பல்லக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு, அம்மாவின் அக்கா எனக்குப் பெரியம்மா என்பதில் சந்தேகமே வந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அம்மா செந்திட்டையில் சொன்ன பெரிய குறை நான்தான். வீட்டில் பேசுவேனே தவிர, பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கமாட்டேன். பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவேன். ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "வாசிச்சுக் காட்டாத பிள்ளைய எப்பிடிப் பாஸ் போடுவேன்? பரீட்சைக்குள்ள இவன் பேசல்லேன்னா, அடுத்த வருசமும் மூணாங்கிளாஸ்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த நவராத்திரியில் அம்மா என்னை நங்கைக்கு முன்னால் நிறுத்தி, "அக்கா, இவன் வாயக் கொஞ்சம் திறந்து வையி" என்று கேட்டுக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து போனபோது, எங்கள் ரோஸ்லின் டீச்சர் பண்டிகைகள் பாடத்தைத் தொடங்கினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழில் படிக்கும் எங்கள் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்தோம். டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அவங்கவங்க வீட்டுப் பண்டிகைய அவங்கவங்க சொல்லப்படாது. அடுத்த வீட்டுக்குப் போயி, கேட்டு, வந்து சொல்லணும். தப்பாச் சொன்னா அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் எந்திரிச்சுத் திருத்தலாம்" என்றார். எனக்கு நூர்ஜஹான் வீட்டு நோன்பு. நூர்ஜஹானுக்கு எங்கள் வீட்டு நவராத்திரி.

நூர்ஜஹானின் வாப்பா சாலைக் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தார். நான் போய் வாசலில் பேசாமல் நின்றதும், அவளுடைய உம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டு, "கேட்டாப் போதாது மோனே, குடிச்சாத்தான் தெரியும்" என்று, நோன்பு இல்லாத அந்த மாதத்தில் எனக்காகவே நோன்புக் கஞ்சி காய்ச்சினார். விடியுமுன் எழுந்து சாப்பிடுவது, பகலெல்லாம் எச்சில்கூட விழுங்காமலிருக்க நூர்ஜஹான் பட்ட பாடு, பிறை பார்க்க மாடியில் ஏறுவது எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல நான் கஞ்சியோடு விழுங்கினேன். ஆனால் என் முறை வந்து வகுப்பில் எழுந்து நின்றபோது ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. டீச்சர், "பரவாயில்ல மக்கா, பிறகு சொல்லலாம்" என்று உட்கார வைத்தார். நூர்ஜஹான்தான் விடவில்லை. "எங்க உம்மா காய்ச்சின கஞ்சியக் குடிச்சதுக்காவது ஒரு வாக்குப் பறயலாமில்லே?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். அவள் கேட்டது நியாயந்தான் என்பதால் எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் அவள் முறை. அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. வாப்பாவின் கடை வாசலில் நின்று வருடந்தோறும் ஊர்வலத்தைப் பார்க்கிறவள் யாரிடம் கேட்கவேண்டும்? கையை வீசிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முதல்ல யானை வரும். அதுமேல இருக்கிறது ராணி. வேல் வச்சிருக்கிறது ராணியோட பட்டாளக்காரன். கடைசியில ஒரு பல்லக்கு வருமில்லே? அதில இருக்கிறது ராணிக்குத் துணி துவைக்க வந்த வேலைக்காரி. அதுதான் அவளைக் கோட்டைக்குள்ள கேற்றாம செந்திட்டையிலேயே நிப்பாட்டிட்டாங்க."

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. "வேலைக்காரி இல்ல! அவ எங்க பெரியம்மா!" என்று யாரோ கத்தியது கேட்டது, அது என் குரல் என்பது, எல்லாரும் என் பக்கம் திரும்பிய பிறகே தெரிந்தது.

பிறகு வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "பெரியம்மா பல்லக்கிலயா? அப்போ நீ ராஜகுமாரனாடே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கூவினான். டீச்சர் மேசையைத் தட்டி, "வீட்டுப் பிள்ளை திருத்துது, யாரும் சிரிக்கப்படாது. நீ சொல்லு மக்கா" என்றார்.

சொன்னேன். அம்மா வாயிலிருந்து கேட்டதும், கேட்காமல் நானாக நினைத்துக்கொண்டதும் கலந்து வந்தது. "எல்லாருக்கும் முன்னால தோணினவ அவதான். அதான் முன்னுதித்த நங்கைன்னு பேரு. மூத்தவங்க கடைசியிலதான் நடக்கணும். முன்னால போற சின்னவங்க வழிதப்பிப் போகாமப் பாத்துக்கிடணும்லா? கோட்டைக்குள்ள போனா காவக்காரன் நிப்பான். எங்க அம்மா எப்பிடிப் போயிப் பேசுவா? அதுக்குத்தான் அவ செந்திட்டையில இருக்கா." பிறகு புளிச்சோறு, கரமனைப் பாலம், அம்மா கண்ணைத் துடைப்பது என்று ஒன்றையும் விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது நூர்ஜஹான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சம்மதிச்சேன், பெரியம்மாதான். எங்க கஞ்சி எங்கேடா?" என்றாள். அதே வேகத்தில் கஞ்சியையும் சொன்னேன், பிறையையும் சொன்னேன், பகலில் அவள் பானைக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் குடித்து உம்மாவிடம் அகப்பட்டதைச் சொன்னபோது வகுப்பு மறுபடியும் சிரித்தது, இந்த முறை அவளைப் பார்த்து.

சத்தம் கேட்டு வந்த ஹெட்மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இவனா?" என்று கேட்டார். "இவன்தான் சார். இனி நிறுத்தத்தான் முடியாது" என்றார் டீச்சர். அந்த வருடம் நான் நாலாம் வகுப்புக்குப் போனேன். அடுத்த நவராத்திரிக்கு அம்மா செந்திட்டையில் என்னை மறுபடியும் முன்னால் நிறுத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும் அக்கா, இப்ப இவன் வாய மூட ஒரு வழி சொல்லு" என்றாள்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அப்பா நோயில் படுத்துவிட்டதால் கடையில் அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன். இப்போது எங்கள் வகுப்பு இருந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். தமிழில் படிக்க அங்கே பிள்ளைகள் இல்லை. ரோஸ்லின் டீச்சர் இல்லை. அம்மாவும் இல்லை. வாழையிலையை வாட்டிப் பொட்டலம் கட்டுவது இப்போது நான்தான்.

போன வருடம் அதை வைத்துக்கொண்டு கரமனைப் பாலத்தருகே நின்றபோது, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முன்னால் நூர்ஜஹான். இங்கே ஒரு அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறாள். வருடந்தோறும் பிள்ளைகளுக்கு ஊர்வலம் காட்டக் கூட்டி வருவாளாம். யானை தெரிந்ததும் பிள்ளைகள் மலையாளத்தில் கூச்சலிட்டார்கள். கடைசிப் பல்லக்கைக் காட்டி, அது யார் டீச்சரே என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். நூர்ஜஹான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு மட்டும் நான் வாயத் திறக்கமாட்டேன், கேட்டியா. திருத்த ஆளு இங்கேயே நிக்குது. சொல்லுடா."

சுற்றிலும் கூட்டம். முன்பின் தெரியாத முகங்கள். கூட்டத்தில் பேச எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். பொட்டலத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, செண்டை மேளத்தையும் மீறிக் கேட்கும்படி, "அது எங்க பெரியம்மா!" என்று கத்தினேன்.