வண்டிக்கு அடியில் ஈரம்

மவுண்ட் ரோஸ்கில் புறநகரில் நாங்கள் இரண்டு குடும்பம் ஒரே டிரைவ்வேயைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். தெருவை ஒட்டிய வீடு என்னுடையது. சரிவில் இறங்கினால் பின் வீடு, அங்கே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. அவர்களிடம் பழைய ஜப்பான் டீசல் ஃபோர் வீல் டிரைவ் ஒன்று உண்டு. மலை ஏறுவதற்கென்றே வாங்கியதாகப் புருஷன் சொல்லுவார். “ஏறினது சான்ட்ரிங்ஹாம் பலசரக்குக் கடை வாசல் மட்டும்தான்” என்று மனைவி திருத்துவார்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், என் கதவைத் தட்டினார்.

“அண்ணா, ஒருக்கா வந்து பாருங்கோ. வண்டிக்குக் கீழ பச்சைத் தண்ணி நிக்குது.”

போய்ப் பார்த்தேன். வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் உள்ள விசிறியைப் பிடித்து அசைத்தால், விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

“பம்ப் போச்சுப்பா” என்றேன்.

“திங்கள் வரைக்கும் தாங்காதோ அண்ணை?” என்றார் புருஷன்.

“தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டலாம். டெஸ்ட் எடுக்கிறவர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது ஆவி கிளம்பினா?”

திங்கட்கிழமை தங்கச்சிக்கு டிரைவிங் டெஸ்ட். மனுகாவ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் வேலை கிடைத்திருந்தது. தனியாக வண்டி ஓட்டி வர லைசென்ஸ் வேண்டும், மாதக் கடைசிக்குள் காட்டுங்கள் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும்படி பஸ் கிடையாது. திங்கள் தவறினால் அடுத்த டெஸ்ட்டுக்கு அந்த மாதத்தில் இடமே இல்லை. என் காரைக் கொடுக்கலாமென்றால் அது கியர் வண்டி. அவர் பழகியதெல்லாம் இந்த ஆட்டோமேட்டிக் டீசலில்.

“அது தன்பாட்டில சரிவரும்” என்றார் புருஷன். மழை, வாடகை, பிள்ளையின் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் அவரிடம் இந்த ஒரே மருந்துதான்.

“தன்பாட்டில வராது. கையால செய்யுங்கோப்பா” என்றார் மனைவி.

நான் மெக்கானிக் படிப்பு படித்தவனில்லை. செல்போன் வீடியோக்களைப் பார்த்ததும், சொந்தக் கார்களை அவிழ்த்துப் போட்டுத் திண்டாடியதும்தான் என் படிப்பு. அந்த வண்டியில் பம்ப் முன்பக்கமே இருப்பதால் துணிந்தேன். புது பம்ப்பும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், “யூ வில் பி ரைட், மேட்”, அதாவது எல்லாம் சரியாகிவிடும் என்றார். பின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களே அண்ணை? இவனும் எங்கட ஆள்தான்.”

ரேடியேட்டரை வடித்துவிட்டு, விசிறியைச் சுற்றியிருந்த கூட்டைக் கழற்றி, விசிறியையும் பெல்ட்டுகளையும் எடுத்தோம். பம்ப் போல்ட்டுகளில் சில நீளம், சில குட்டை. இடம் மாறினால் வம்பு. தங்கச்சி ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையில் பம்ப்பை அப்படியே வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். அடி போல்ட் ஒன்று துருவேறி அசையவில்லை. எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிக் கேட்ட பிறகுதான் அது இறங்கிவந்தது. பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டவே பாதி நாள் போனதுபோல் இருந்தது. புது பம்ப்பை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினேன். பெல்ட்டுகளையும் விசிறியையும் கூட்டையும் திரும்ப மாட்டினோம்.

கசிகிறதா என்று பார்க்கத்தான் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றினேன். கூலண்ட் வாங்கி வைத்திருந்தோம். அதை வீணாக்க வேண்டாமே. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். ஒரு சொட்டு விழவில்லை. சூடு ஆறட்டும் என்று அணைத்துவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வண்டியின் மூக்குக்குக் கீழே நல்ல ஈரம்.

கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்று முடிவு கட்டி, இருவரும் மறுபடி கூட்டையும் விசிறியையும் கழற்றினோம். பெல்ட்டையும் எடுத்துவிட்டுப் பம்ப் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது தங்கச்சி ஒரு தட்டில் தேங்காய்த் துண்டும் சீனியுமாக வந்தார்.

“என்னண்டு திருப்பியும் கழட்டுறியள்?”

“ஒழுகுதும்மா.”

அவர் ஈரத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். “ஐயோ அண்ணா, நான் இப்பத்தான் வண்டிக்கு முன்னால தேங்காய் உடைச்சனான்.”

தெருப் பக்கம் மேடு. வண்டியும் அந்தப் பக்கம் பார்த்து நின்றது. உடைத்த தேங்காயின் தண்ணீர் நேராக எஞ்சினுக்கு அடியில் ஓடி வந்திருக்கிறது.

“நீர் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு உடைச்சிருக்கலாமே!” என்றார் புருஷன்.

“சாமிக்கு உடைக்கிறதுக்கு உங்களிட்ட பெர்மிட் எடுக்கோணுமே?”

ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தேங்காய் உடைத்தார் என்பதால் பம்ப் ஒழுகவில்லை என்று ஆகிவிடுமா? பம்ப்பில் இருப்பதும் நிறமில்லாத தண்ணீர்தான். புருஷன் குனிந்து ஈரத்தில் விரலைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனார். கையைத் தட்டிவிட்டேன்.

“இனிக்குதோ எண்டு பாக்கிறன் அண்ணை!”

“உள்ள பழைய கூலண்ட் மிச்சம் இருக்கும்ப்பா. அதுவும் இனிக்கும். ஆனா விஷம்.”

மூன்று பேரும் அந்த ஈரத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் புல்லோரத்திலிருந்து எறும்புகள் வந்தன. தேங்காய் உடைத்த கல்லில் தொடங்கி, ஓடி வந்த தடம் மாறாமல், வண்டிக்கு அடிவரை வரிசை கட்டின. தங்கச்சிக்கு ஒரே சிரிப்பு. நான் எறும்பை மட்டும் நம்புகிறவனில்லை. தரையைக் கழுவித் துடைத்து, காய்ந்த அட்டையை விரித்து, பெல்ட்டையும் விசிறியையும் திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். அட்டை காய்ந்தே இருந்தது. தண்ணீரை வடித்துக் கூலண்ட் ஊற்றி முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை புருஷனுக்கு வேலை. பழகுநர் பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் டெஸ்ட் நடக்கும் இடம்வரை நான் போனேன். வழி முழுக்க என் கண் வெப்ப முள்ளில்தான் இருந்தது. முள் பாதியில் அசையாமல் நின்றது. பிறகு அதிகாரி என் இடத்தில் ஏறிக்கொள்ள, நான் உள்ளே நாற்காலியில் காத்திருந்தேன்.

வண்டி திரும்பி வந்து நின்றது. அதிகாரி ஏதோ சொல்ல, தங்கச்சி தலையை மட்டும் ஆட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே போய், “என்னம்மா?” என்றேன்.

“ரவுண்டபவுட்டில சிக்னல் பிந்திப் போட்டனானாம்.”

“அதனால?”

“அதனால ஒண்டுமில்லை. பாஸ்.” அப்புறம்தான் அழுதார்.

கிடைத்தது கட்டுப்பாடுள்ள லைசென்ஸ்; அதில் காலை ஐந்து மணிக்கு முன் தனியாக ஓட்டக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள், ஐந்தாகச் சில நிமிடம் இருக்கும்போதே பின் வீட்டில் டீசல் சத்தம் கேட்டது. எஞ்சினைப் போட்டுவிட்டு, வண்டியை அசைக்காமல், தங்கச்சி மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போல. எனக்கும் தூக்கம் வரவில்லை. ஐந்தானதும் வண்டி மேடேறி, என் ஜன்னலைத் தாண்டி, தெருவில் சிக்னல் போட்டுத் திரும்பியது. பின்னால் வேறு வண்டி எதுவும் இல்லை. இருந்தாலும் போட்டார்.