சுரூபத்துக்கு முன்னால் கேட்ட வாக்கு

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்றைய பூசையில் சுவாமியார் அவருடைய பெயரை இறந்தவர்களின் பெயர்களோடு சேர்த்து வாசிப்பார். அந்தப் பெயரை அந்த இடத்தில் கேட்க என் காதுகள் இன்னும் பழகவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள். ஆனால், எந்நேரமும் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கடைசிக் காலத்தில் ஏன் அப்படி அடங்கிப்போனார் என்பது பலருக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முல்லைத்தீவுக் கரையோரத்தில், கடற்றொழில் செய்த குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா ஒரு மாரிகாலத்தில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அக்கா கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, அம்மாவோடு கருவாடு காயவைத்து என்னைப் படிப்பித்தார். நான் ஆசிரியையாகிச் சம்பளம் எடுத்த முதல் மாதம், அவருக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். "எனக்கேன் இது? கருவாட்டு மணத்துக்குப் பட்டுச்சீலையே?" என்று சிரித்தார். ஆனால் பெருநாளைக்கெல்லாம் அதைத்தான் உடுத்தார்.

கலியாணம் முடித்துக் கிளிநொச்சிப் பக்கம் வந்தார். அத்தான் வாய்க்கால் வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை. அதுவும் மாரி வெள்ளம் பாதையை மூடியிருந்த நேரம், ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்து இறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைகள் உள்ள சேமக்காலையின் மதிலுக்கு வெளியே, ஒரு பாலைமரத்தடியில் புதைத்தார்கள். சில வருடங்களில் அத்தானையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவரை மதிலுக்கு உள்ளே அடக்கம் செய்தோம். அக்கா சேமக்காலைக்குப் போகும் நாட்களில் உள்ளே ஒரு மெழுகுதிரியும் வெளியே ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வருவார்.

எனக்கும் அந்தப் பக்கப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது. அதனால் அக்காவின் பிற்கால வாழ்க்கை முழுவதும் எங்கள் வீட்டில்தான் கழிந்தது. என் மகளைத் தூக்கி வளர்த்தவரும் அவரே.

எங்கள் கோயில் பங்கின் பிறர்சிநேகச் சபையில் அக்கா சேர்ந்த பிறகுதான் பிடியரிசி ஒழுங்காகச் சேர்ந்தது. உலை வைக்கும்போது ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். ஞாயிறு பூசை முடிய அக்கா சாக்குப் பையோடு வீடு வீடாகப் போவார்.

"இந்தப் பிடி உங்கடை கைப்பிடியே, பிள்ளையின்ரை கைப்பிடியே?" என்று வாசல் படலையில் நின்று கேட்பார்.

"ரீச்சரின்ரை அக்கா வந்திட்டா, பானையை ஒளியுங்கோ!" என்று உள்ளேயிருந்து யாராவது சத்தம் போடுவார்கள்.

"ஒளியுங்கோ, ஒளியுங்கோ. எனக்குக் குசினி வழி தெரியும்."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

அந்த அரிசி பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது, எங்கள் பங்கின் பெரிய வயல்காரர் ஒருவருடைய நிலத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு. மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை போய், பிழைப்புத் தேடி வன்னிக்கு வந்த சனம் அவர்கள். வயற்கரையில் முதலாளி அடித்துக் கொடுத்த ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். வேலைக்கு வராதவருக்குக் குடிசை இல்லை என்பது அங்கே சட்டம். ஆதலால் நிறைமாதப் பெண்களும் சேற்றில் குனிந்து களை பிடுங்கினார்கள். அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலாளியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோயிலுக்கு அவர் செய்த நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. மாதா திருநாளில் சுற்றுப்பிரகாரமாக வரும் பவனி அவருடைய படலையில் தரித்து நிற்கும். மாதாவின் சுரூபத்தை இறக்கிவைத்துப் பாடுவார்கள். எங்கள் கரையோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுரூபம் இறங்கியிருக்கும் வீட்டில், அந்த நேரத்தில் எது கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். சொன்ன சொல்லை மீறவும் மாட்டார்கள். வலைச் சண்டை, காணிச் சண்டை, வருடக்கணக்காகக் கதையாமல் இருந்த சகோதரர்களின் கோபம் எல்லாம் அப்படித் தீர்ந்ததை நாங்கள் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையோடுதான் அக்கா அன்று அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, மாதாவுக்கு முன்னாலை உங்களிட்டை ஒண்டு கேக்கிறன்."

"கேளுங்கோ தங்கச்சி. இண்டைக்கு நான் ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டன்."

"நிறைமாசப் பெண்டுகளை வயலுக்குக் கூப்பிடாதேங்கோ. வேலைக்கு வரேல்லையெண்டு குடிசையாலை எழுப்பாதேங்கோ. பிள்ளை பிறந்து எழும்புமட்டும் விடுங்கோ."

அவர் சுரூபத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற சனத்தையும் பார்த்தார். "ஓம், அப்பிடியே செய்வம்" என்றார். சனம் கைதட்டியது. யாரோ வெடி கொளுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா கதிரையில் இருந்து கால்களை நீட்டிக்கொண்டு, "பாத்தியே, ஒரு சொல்லிலை முடிஞ்சுது" என்றார்.

"எழுத்திலை வாங்கினால் நல்லதெல்லே அக்கா?" என்றேன்.

"மாதாவை விடப் பெரிய சாட்சி ஆரடி?"

மறுநாளே குடிசைகளுக்குப் போய், இனிப் பயமில்லை, மாதம் நிறைந்தவர்கள் வீட்டில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பாக்கியம் என்ற பெண்ணுக்கு அப்போது மாதம் கிட்டியிருந்தது. அக்காவின் சொல்லை நம்பி அவள் வேலைக்குப் போகாமல் நின்றாள். கங்காணி வந்து கேட்டிருக்கிறான். முதலாளி சொன்ன வாக்கை அவள் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். தனக்கு அப்படி ஒரு கட்டளையும் வரவில்லை என்று அவன் சட்டி பானைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டான். நல்ல மழை. பாக்கியமும் புருசனும் ஆசுபத்திரியை நோக்கி நடந்திருக்கிறார்கள். பிள்ளை தெருவோர மதகடியில் பிறந்து, அங்கேயே இறந்தது. அவ்வழியால் வந்த ஒரு வண்டிக்காரர்தான் தாயை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் வந்து சொன்னார்.

அக்காவும் நானும் ஓடினோம். பாக்கியத்துக்கு நினைவு தப்பவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னீங்கன்னுதான் நின்னேன் அக்கா. குத்தமா சொல்லலீங்க" என்றாள். அன்று பின்னேரம் அவளும் இறந்தாள். அவளுடைய புருசன் சுவரோடு குந்தியிருந்தான். அடக்கம் முடிந்த பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

அக்கா நேரே முதலாளி வீட்டுக்குப் போனார். நான் கூடப் போனேன். அவர் வெளியே வந்து எங்களை இருக்கச் சொன்னார். அக்கா இருக்கவில்லை.

"மாதாவுக்கு முன்னாலை சொன்னனீங்கள், ஐயா."

"அது திருநாளிலை கதைச்ச கதை, தங்கச்சி. திருநாள் முடிஞ்சுது. இனி மாதாவே வந்து என்ரை வயலிலை களை பிடுங்கப்போறா?"

அக்கா படியிறங்கி நடந்தார். அவர் மறுத்துக் கதைக்காமல் திரும்பியதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

அதன்பின் அவர் போகாத இடமில்லை. சபையில் எழுந்து சொன்னார். உறுப்பினர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாமியார் மனம் வருந்தி, தாம் கதைப்பதாகச் சொன்னார். அவர் கதைத்தும் இருக்கலாம். அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனால், இந்தியாவுக்குப் போகவேண்டிய சனத்துக்காக நீங்கள் ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டார்கள். சில வீடுகளில் பிடியரிசியும் நின்றது. "கோயிலுக்கு ஓடு போட்ட மனிசனோடை கொழுவிப்போட்டு, இப்ப எங்கடை அரிசிக்கு வாறாவாம்" என்று கிணற்றடியில் கதைத்ததை அக்காவே வந்து என்னிடம் சொன்னார். முன்பென்றால் அதற்கொரு பகிடி வைத்திருப்பார். அன்று பையை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

குடிசைகளுக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. கிடைத்த அரிசியைக் கொண்டுபோனார். பிரசவ நேரங்களில் பக்கத்தில் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெண்ணிடமாவது "பயப்பிடாதை" என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லத் தமக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். பெண்கள் திரும்பவும் நிறைமாதத்தோடு வயலில் இறங்கினார்கள். அக்கா வரம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

கால் வீங்கி, மூச்சு முட்டி, படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் அக்கா அதிகம் கதைக்கவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்: "பாக்கியத்தின்ரை மனிசன் எங்கை போனானெண்டு ஆருக்கும் தெரியுமே?" அவஸ்தைப் பூசுதல் பெற்று, அமைதியாக இறந்தார் என்று எல்லோருக்கும் சொன்னோம். அமைதியாகத்தான் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

அடக்கத்தன்று குடிசைச் சனம் வந்திருந்தது. உள்ளே முதலாளியின் ஆட்கள் நின்றபடியால் அவர்கள் சேமக்காலைக்குள் வரவில்லை. மதிலுக்கு வெளியே, அந்தப் பாலைமரத்தடியில் நின்றார்கள். அங்கே யார் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திராது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டு முடியும்போது, "நாங்களும் மண்ணு போடலாங்களா?" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. என் மகள் படலையைத் திறக்க நடந்தாள். அதற்குள் குழி மூடத் தொடங்கிவிட்டார்கள். அன்று வேலைக்குப் போகாத குற்றத்துக்காக இரண்டு குடும்பங்களை மறுநாள் குடிசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்று பின்னர் அறிந்தோம். அக்காவின் சாவுக்கு வந்ததற்கும் அவர்கள் குடிசையையே விலையாகக் கொடுக்கவேண்டியிருந்தது.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். நோய்க் காலத்தில் வந்து பார்த்த வைத்தியருக்கும், செபமாலை சொல்லிய அயலவர்களுக்கும், பெட்டி சுமந்த இளைஞர்களுக்கும், முல்லைத்தீவிலிருந்து வந்து பசாம் புலம்பல் பாடிய எங்கள் சனத்துக்கும், பிடியரிசியை இன்றுவரை நிறுத்தாத வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டியை ஏற்றிவர உழவு இயந்திரம் தந்துதவியவருக்கும் முறைப்படி நன்றி கூறுகிறோம். அது யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. இன்றைய பூசைக்குத் தாங்களும் வரப்போவதாகக் குடிசைப் பெண்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும்படி மகளிடம் சொன்னேன்.

"அவையளை வா எண்டு நான் கூப்பிடேல்லை அம்மா. அவையே வாறம் எண்டு நிக்கினம்."

"நாளைக்கு எழுப்பிவிட்டா எங்கை போறது? உன்ரை பேரும் அதிலை அடிபடும், பிள்ளை."

"அப்ப, தனிய நடந்து வரட்டும் எண்டு சொல்லுறீங்களே?"

என் மகளுக்கு வயது பத்தொன்பது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒரு தாய். அக்கா நடந்த வரம்பிலேயே என் பிள்ளையும் நடப்பதைக் காண எனக்கு மனமில்லை. நீங்கள் கோயிலுக்குள் வந்து அமரும் நேரத்தில் அவள் அவர்களோடு வந்துகொண்டிருப்பாள்.

உங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. அவர்கள் வாசலில் தயங்கி நின்றால், வாங்கிலில் சற்று நகர்ந்து இருங்கள். பூசை முடிந்து சேமக்காலைக்குப் போகும்போது படலையைத் திறந்தே விடுங்கள். நாளைக்கு அவர்களுடைய குடிசைகள் இருக்குமா என்று எங்களால் சொல்ல முடியாது. போய்க் கேட்பதற்கு இனி அக்காவும் இல்லை.